மால்டா அஞ்சல்தலையில் ஒரு கப்பற்சேதம்

1899ஆம் ஆண்டில், அந்நாளில் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த மால்டாத் தீவுக்கெனப் பத்து ஷில்லிங் மதிப்புள்ள அஞ்சல்தலை ஒன்று வெளியிடப்பட்டது. கருநீல நிறங்கொண்ட அச்சிறு தாளின் நடுவிடத்தைப் பெற்றது அரசியின் திருமுகம் அன்று, ஒரு கப்பற்சேதம். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே விவிலியத்துக்கு வரைந்த சித்திரங்களுள் ஒன்றைத் தழுவியது அது என்பர். நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த பவுலடியார், கப்பல் உடைந்து அத்தீவின் கரையில் ஒதுங்கிய நிகழ்ச்சியே அதில் தீட்டப்பட்டிருக்கிறது.

நாடுகள் தம் அஞ்சல்தலைகளில் எவற்றையெல்லாமோ அச்சிடுகின்றன. வென்ற போர், கட்டிய கோட்டை, முடிசூடிய மன்னன், தொன்மையான துறைமுகம் ஆகியவற்றை அச்சிடுவது இயல்பு. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு இவ்வகையில் குறைவே இல்லை. ஆனால் ஒரு பெருங்கப்பல் பாறையில் மோதிச் சிதறியதைத் தன் பிறப்புச் சான்றிதழ் போலக் காட்டும் நாடு, நான் அறிந்தவரையில், மால்டா ஒன்றே. அதே காலத்து வரிசையில் கோசோத் தீவின் மீன்பிடி படகுக்கு நாலரைப் பென்னியும், புனித யோவான் சபை வீரர்களின் போர்க்கப்பலுக்கு ஐந்து பென்னியும் மதிப்பிட்டவர்கள், உடைந்த கப்பலுக்குப் பத்து ஷில்லிங் என உச்ச மதிப்பு அளித்தார்கள். கத்தோலிக்கத் தீவொன்றின் பக்தியை ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த ஓர் அரசு தன் அஞ்சல்தலையில் ஏற்றது என்பதும் கருதத்தக்கது. 1919இல் அப்படம் கறுப்பு நிறத்தில் மீண்டும் அச்சாயிற்று. ஏறத்தாழ 1,500 படிகளே அச்சிடப்பட்டதால், அஞ்சல்தலை சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் அரும்பொருள்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

அந்தப் படத்துக்குப் பின்னால் நிற்கும் எழுத்து, திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரம். பண்டைய உலகிலிருந்து நமக்குக் கிடைத்துள்ள கடற்பயண வருணனைகளுள் இத்துணை நுணுக்கமானது வேறொன்றைக் காண்பது அரிது. செசரியாவிலிருந்து கைதியாகப் புறப்பட்ட பவுல், மீரா துறைமுகத்தில் அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றில் ஏற்றப்படுகிறார். அது எகிப்தின் கோதுமையை உரோமைக்குக் கொண்டுசெல்லும் தானியக் கப்பல். காலமோ, நோன்பு நாளும் கடந்துவிட்ட இலையுதிர் பருவம். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச்சு வரை கடலை மூடிவைப்பது உரோமை மாலுமிகளின் வழக்கம். கிரேத்துத் தீவின் நல்ல துறைமுகம் எனப் பெயர்கொண்ட இடத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கலாம் என்று பவுல் கூறியதை நூற்றுவர் தலைவர் ஏற்கவில்லை. கப்பல் தலைவனும் கப்பல் உரிமையாளரும் கூறியதையே ஏற்றார். தொழில் தெரிந்தவர்களின் சொல்லை அவர் ஏற்றதில் வியப்பென்ன?

பிறகு அடித்த காற்றுக்கு லூக்கா தரும் பெயர் கிரேக்கமும் இலத்தீனும் கலந்த மாலுமிச் சொல். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல் என்று பிரித்தறியும் நம் கடற்கரை மக்களுக்கு, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த வடகீழ்க் காற்றை விளக்க வேண்டியதில்லை. கப்பலின் வயிற்றைச் சுற்றி வடக்கயிறு கட்டி இறுக்கினார்கள். சரக்கைக் கடலில் எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள். பதினான்காம் நாள் நள்ளிரவில் கரை நெருங்குவதை மாலுமிகள் உணர்ந்து ஆழம் பார்த்தபோது முதலில் இருபது பாகம், சற்று அப்பால் பதினைந்து பாகம் என்று தெரிந்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் சொல்லும் முறையை நம் பரதவரும் நன்கறிவர். பாறையில் மோதிவிடுவோமோ என்று அஞ்சிப் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, பொழுது விடியாதா என்று ஏங்கினார்கள்.

இந்த விவரங்களை மறையுரையாளராக அன்றி மாலுமியாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவர். பாய்மரப் படகோட்டுவதில் தேர்ந்த அவர் 1844-45ஆம் ஆண்டின் குளிர்காலத்தை மால்டாவில் கழித்து, காற்றையும் நீரோட்டத்தையும் கடலாழத்தையும் கணக்கிட்டு, 1848இல் பவுலின் பயணத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாயைச் சுருக்கி, காற்றை எதிர்கொண்டு நிற்கும் பெருங்கப்பல் ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை மைல் வீதம் பக்கவாட்டில் நகர்ந்து செல்லும் என்பது அனுபவம் மிக்க மாலுமிகளின் கணிப்பு. கவுதாத் தீவிலிருந்து மால்டா ஏறத்தாழ 476 மைல். வகுத்துப் பார்த்தால் பதின்மூன்று நாளும் சில மணி நேரமும் வருகின்றன. பதினான்காம் நாள் இரவு என்று லூக்கா எழுதினார்! மால்டாவின் வடகிழக்கு முனையான கவ்ராவுக்கு அருகில் இருபது பாக ஆழமும் அதைத் தாண்டிப் பதினைந்து பாக ஆழமும் இருப்பதை ஸ்மித் அளந்து கண்டார். அங்குள்ள விரிகுடாவின் அடித்தரை நங்கூரத்தை எத்துணை உறுதியாகப் பற்றும் என்பதற்கு அக்காலக் கடல்வழிக் கையேட்டையே அவர் சான்று காட்டினார்: கயிறு அறாதவரை நங்கூரம் பெயராது என்று அது கூறியதாம்.

மால்டா மக்கள் இந்நூலைக் கொண்டாடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. லூக்கா குறிப்பிடும் மெலித்தா எது என்பதில் பழைய வழக்கொன்று இருந்தது. தல்மாத்தியக் கடற்கரையை ஒட்டிய மில்யெத் என்னும் தீவுக்கும் பண்டு அதே பெயர் வழங்கியது. கப்பல் ஆதிரியாக் கடலில் அலைந்ததாக லூக்கா சொல்வதால், பவுல் ஒதுங்கியது அங்கேதான் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே பிசான்சியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்தந்தீன் எழுதிவைத்தார். 1730இல் துப்ரோவ்னிக் நகரைச் சேர்ந்த இக்னியாத் ஜுர்ஜெவிச் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி தனி நூலே இயற்றினார். மால்டாவில் நச்சுப்பாம்பு இல்லை, மில்யெத்தில் நிறைய உண்டு என்பது அவர் தரப்பினருக்குக் கிடைத்த வலுவான வாதம். (அந்தப் பாம்புகளை ஒழிப்பதற்காக 1910 வாக்கில் இந்தியக் கீரிகளை மில்யெத்தில் கொண்டுவந்து விட்டார்கள் என்பது பிற்காலக் கதை.) ஆனால் பண்டைய வழக்கில் ஆதிரியா என்பது இன்றைய குறுகிய கடலை மட்டும் குறிக்கவில்லை, சிசிலிக்கும் கிரேத்துக்கும் இடைப்பட்ட பரந்த கடலும் அப்பெயர் பெற்றது. பவுலுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் உரோமைக்குப் பயணமான யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, தாமும் ஆதிரியாவின் நடுவில் கப்பற்சேதத்துக்கு ஆளானதாகவும், ஏறத்தாழ 600 பேருள் 80 பேர் அளவிலேயே மீட்கப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். 1987இல் கெபலோனியாத் தீவுக்கு வழக்காடிய செர்மானிய ஆய்வாளர் ஒருவரும் உண்டு. பெரும்பாலான அறிஞர்கள் இன்றும் மால்டாவின் பக்கமே நிற்கிறார்கள். காற்றும் கணக்கும் அந்தப் பக்கம் நிற்பதால் நானும் அவ்வாறே கருதுகிறேன்.

அப்படியானால் கப்பல் எங்கே? அந்த நங்கூரங்கள் எங்கே?

இந்தக் கேள்வி எழுந்ததும் நாம் அகழாய்வாளரின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறோம். உரோமைக் காலத்து நங்கூரத்தின் தண்டும் கைகளும் மரத்தாலானவை. கடற்படுகையில் சாய்ந்து கொக்கி ஊன்றும்படி மேலே குறுக்காகப் பொருத்திய சட்டம் மட்டும் ஈயத்தாலானது. மரத்தைக் கடற்புழுக்கள் தின்றுவிட, ஈயச் சட்டம் எஞ்சுகிறது. மால்டாக் கடலில் இத்தகைய சட்டங்கள் பல கிடைத்துள்ளன. கவ்ரா முனையை ஒட்டிய சலினா விரிகுடாவில் 1960களில் எடுக்கப்பட்ட ஒன்று நான்கு மீட்டர் நீளமும் ஏறத்தாழ நான்கு டன் எடையும் உடையது; அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியதென்று அதைக் கூறுவர். எத்துணைப் பெரிய கப்பல் அதைச் சுமந்திருக்க வேண்டும்! அதே பகுதியில் கிடைத்த வேறொரு சட்டத்தில் ஐசிஸ், சராப்பிஸ் என்னும் எகிப்தியத் தெய்வங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அலெக்சாந்திரியத் தானியக் கப்பல்கள் அக்கரையை நெருங்கின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கப்பல்களின் பயணத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சேரநாட்டு மிளகு முசிறியிலிருந்து செங்கடல் துறைகளுக்கும், அங்கிருந்து ஒட்டகத்திலும் நைல் ஆற்றிலும் அலெக்சாந்திரியாவுக்கும் சென்றது. செங்கடற்கரையில் பெரனிக்கே என்னும் துறையில் நிகழ்ந்த அகழாய்வில், இந்தியாவில் வனைந்த சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு கோவில் வளாகத்திலேயே கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் அங்கே கிடைத்துள்ளது. அலெக்சாந்திரியாவிலிருந்து உரோமைக்கு மிளகு சென்றதும், பவுல் பயணம் செய்த அதே கடல்வழியில்தான்.

ஆனால் பவுலின் நங்கூரம் இதுதான் என்று எவரேனும் ஒரு சட்டத்தைக் காட்ட முடியுமா? காட்டியிருக்கிறார்கள். மால்டாவின் தென்கிழக்கில் புனித தோமா விரிகுடாவுக்கு வெளியே, ஏறத்தாழ பதினைந்து பாக ஆழத்தில், உள்ளூர் மூழ்காளர்கள் 1960களில் நான்கு நங்கூரச் சட்டங்களைக் கண்டதாகவும், அவையே லூக்கா சொன்ன நான்கு என்றும் 2003இல் அமெரிக்கர் ஒருவர் நூல் எழுதினார். நான்கு என்ற எண்ணும் பதினைந்து பாகம் என்ற ஆழமும் பக்தியுள்ள மனத்தை இழுக்கத்தான் செய்யும். எனினும், ஒரு பொருள் கடலடியில் எந்த இடத்தில், எந்த நிலையில், எவற்றின் அருகில் கிடந்தது என்று அளந்து வரைந்து பதிவு செய்யாமல் மேலே தூக்கிவிட்டால், அது பேச வேண்டியதில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. கிடைத்த ஈயத்தை உருக்கி, மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் எடைக்கட்டிகளாக மாற்றிய காலமும் மத்தியதரைக் கடலில் இருந்தது. மேலும், பல நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் ஒதுங்கிய கரையில் நான்கு சட்டங்கள் கிடப்பது ஒரே கப்பல் அவற்றை ஒரே இரவில் இறக்கியது என்பதற்குச் சான்றாகாது.

முறைப்படி ஆராயப்பட்ட கப்பல் எப்படிப் பேசும் என்பதற்குச் சைப்பிரசுத் தீவின் கீரேனியா நல்ல எடுத்துக்காட்டு. 1965இல் மூழ்காளர் ஒருவர் கண்ட அக்கப்பல், மைக்கேல் கட்சேவின் தலைமையில் 1968-69இல் அகழப்பட்டது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூழ்கிய எளிய வாணிகக் கப்பல் அது. ஏறத்தாழ 400 மதுச் சாடிகளும் ஆயிரக்கணக்கான வாதுமைக் கொட்டைகளும் அதில் இருந்தன. மாலுமிகள் உண்ணப் பயன்படுத்திய பாத்திரங்களில் ஒவ்வொரு வகையிலும் நான்கு நான்கு கிடைத்ததால், நால்வர் ஓட்டிய கப்பல் அது என்று ஆய்வாளர் உய்த்துணர்ந்தார்கள். அந்நால்வரின் பெயரை எந்த நூலும் கூறவில்லை. பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அவர்களுடைய உணவுக் கலங்கள் மட்டும் தெரிந்தன. மால்டாவிலும் இப்பொறுமை பயன் தந்திருக்கிறது: கோசோத் தீவின் ஷ்லெந்தி விரிகுடாவுக்கு அப்பால், 110 மீட்டர் ஆழத்தில், ஒலியலைக் கருவியின் உதவியால் 2007இல் கண்டறியப்பட்ட பெனிக்கியக் கப்பல், பவுலுக்கும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. மால்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் அதைப் படம் படமாகப் பதிவு செய்து, ஆண்டுக் கணக்கில் ஆய்ந்து வருகிறார்கள்.

பெனிக்கியர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீ மூட்டிய தீவினரைக் கிரேக்க மொழி பேசாதவர் எனப் பொருள்படும் சொல்லாலேயே லூக்கா குறிக்கிறார். அவர்கள் பேசியது பெனிக்கிய மொழியின் ஒரு கிளை. தீர் நகரின் தெய்வமான மெல்கார்த்துக்கு நேர்ந்தளித்த இரு சலவைக்கல் தூண்கள் மால்டாவில் கிடைத்தன. அவற்றில் கிரேக்கமும் பெனிக்கியமும் ஒருங்கே இருந்ததால், 1758இல் பார்த்தெலெமி என்னும் பிரெஞ்சுக் குரு பெனிக்கிய எழுத்தைப் படித்தறிய வழி பிறந்தது. அம்மொழி எபிரேயத்துக்கு உடன்பிறப்பு. ஆகவே கப்பலிலிருந்த உரோமைப் படைவீரரைவிடப் பவுலுக்கு அந்தத் தீவினரின் பேச்சு சற்றேனும் புரிந்திருக்கக்கூடும் என்று எண்ணுவதில் தவறில்லை.

பக்தியும் ஆராய்ச்சியும் மால்டாவில் எதிர்ப்பட்டது இதுவே முதன்முறை அன்று. அத்தீவின் பாறைகளில் முக்கோண வடிவான கற்கள் கிடைக்கும். பவுல் பாம்பைத் தீயில் உதறியபோது தீவின் பாம்புகளெல்லாம் நஞ்சிழந்தன, அவற்றின் நாக்குகளே கல்லாயின என்பது மக்கள் நம்பிக்கை. நஞ்சு முறிக்கும் மருந்தாக அக்கற்கள் ஐரோப்பாவெங்கும் விற்பனையாயின. 1666இல் பிளாரன்சு நகரில் பெரிய சுறா ஒன்றின் தலையை அறுத்துப் பார்த்த நீல்ஸ் ஸ்டேனோ, அக்கற்கள் பண்டைக்காலச் சுறாவின் பற்களே என்று மறு ஆண்டு எழுதி வெளியிட்டார். புனித பவுலின் பெயரால் வழங்கிய கல்லைச் சுறாப் பல் என்று சொன்ன அவர், அதே 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார், பின்னர் ஆயரானார், 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் முத்திப்பேறு பெற்றவர் என அறிவிக்கப்பட்டார். கல்லின் உண்மை தெரிந்ததால் அவருடைய விசுவாசம் குறையவில்லை என்பதை நங்கூரம் தேடுவோர் நினைவிற்கொள்ளலாம்.

மறைக்கவேண்டாத வேறு செய்திகளும் உண்டு. மால்டாவில் கிறிஸ்தவ வாழ்வுக்குத் தெளிவான தொல்லியல் தடயங்கள், இரபாத்தின் நிலத்தடிக் கல்லறைகள் முதலியவை, நான்காம் நூற்றாண்டை ஒட்டியே தோன்றுகின்றன. பவுலுக்கும் அக்கல்லறைகளுக்கும் இடையில் நெடுங்கால மௌனம். புப்லியுவின் மாளிகை என்று மரபு கூறும் இடத்தை 1960களில் இத்தாலிய ஆய்வுக்குழு அகழ்ந்தபோது கிடைத்தது, ஒலிவ எண்ணெய் ஆட்டிய உரோமைக் காலப் பண்ணை வீடு. அது புப்லியுவுடையது என்று கல்வெட்டு எதுவும் கூறவில்லை. மக்களின் நினைவு கல்வெட்டு எழுதி வளர்வதில்லை. அதனாலேயே அதைப் பொய் என்று தள்ளிவிடவும் இயலாது.

என் கருத்தில், கப்பலைத் தேடுவோர் லூக்காவைக் கவனமாகப் படிக்கவில்லை. புயலின் நடுவில் பவுலுக்கு வானதூதர் வழியாகக் கிடைத்த வாக்குறுதி என்ன? கப்பல் தப்பும் என்பதன்று. கப்பல் அழியும், உயிர்களுள் ஒன்றும் அழியாது என்பதே. அந்த அதிகாரம் முழுவதும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்படுகின்றன: சரக்கு, தளவாடம், தப்பியோட மாலுமிகள் இறக்கிய சிறு படகு, இறுதியில் கோதுமையும். விடியுமுன் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறிப் பிட்டு உண்டார் என்று எழுதும் லூக்கா, இறுதி இராவுணவிலும் எம்மாவுவிலும் கையாண்ட சொற்களையே அங்கும் கையாளுகிறார். உடனே ஓர் எண்ணைத் தருகிறார்: கப்பலில் இருந்தோர் 276 பேர். கப்பலின் பெயரைக்கூடச் சொல்லாத ஆசிரியர் தலைகளை எண்ணி எழுதியிருக்கிறார். காலையில் அந்த நங்கூரங்களைத் தூக்கவும் இல்லை; கயிற்றை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். வீரர்கள் கைதிகளைக் கொன்றுவிட எண்ணியதும், நூற்றுவர் தலைவர் பவுலைக் காக்க விரும்பி அதைத் தடுத்ததும் அதன் பிறகே. நீந்தத் தெரிந்தவர் நீந்தினர். மற்றவர் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டு கரையேறினர். அந்தப் பலகைகள் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டன.

1960 பிப்ரவரியில், கப்பற்சேதத்தின் 1900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, மால்டா ஆறு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி 10ஆம் நாள் அத்தீவினர் கொண்டாடும் பெருவிழாவை ஒட்டியது அவ்வெளியீடு. வல்லெத்தா நகரில் புனித பவுல் கப்பற்சேதத் திருவிழாவுக்கெனவே எழுந்த கோவிலிலிருந்து, மெல்கியோர் கஃபா 1659இல் மரத்தில் செதுக்கிய பவுலின் திருவுருவம் அன்று வீதிவலம் வருகிறது. ஆறனுள் மூன்று அஞ்சல்தலைகள் ஓவியர் பலோம்பியின் ஓவியங்களைத் தழுவியவை. முதலாவதில் கப்பல் உடைகிறது. இரண்டாவதில் புப்லியு மால்டாவின் முதல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்படுகிறார். இது மரபின் கூற்று, லூக்கா இதைச் சொல்லவில்லை. மூன்றாவதில் பவுல் விடைபெறுகிறார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. மூன்று மாதம் கழித்து, அத்தீவில் குளிர்காலத்தைக் கழித்த வேறோர் அலெக்சாந்திரியக் கப்பலில் அவர் ஏறினார். இரட்டைத் தெய்வங்களின் உருவம் அதன் முகப்பில் இருந்ததாக லூக்கா குறிப்பிடுகிறார். பவுல் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. யாரென்றே அறியாத கைதிகளும் காவலருமான அந்தக் கூட்டத்தை மூன்று மாதம் தாங்கிய தீவினர், புறப்படும் நாளில் பயணத்துக்குத் தேவையான பொருள்களையெல்லாம் கொண்டுவந்து கப்பலில் ஏற்றினார்கள். சிரக்கூசில் மூன்று நாள் தங்கி, ரேகியு வழியாகத் தென்றல் துணை செய்ய, அக்கப்பல் புத்தெயோலித் துறையை அடைந்தது.